கூசி நீங்கலாக

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஹெல்சிங்கியில் ஏதாவது ஒரு அமைச்சரைப் பிடிக்க வேண்டுமென்றால் அவருடைய அலுவலகத்துக்குப் போய்ப் பிரயோசனமில்லை. நாடாளுமன்றத்தில் பெரிய குழு கூடும் அறைக்கு வெளியே, மடியில் கோப்பை வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை லக்சம்பர்க்கில் எல்லா நாட்டு அமைச்சர்களும் கூடி ஐரோப்பா முழுமைக்கும் ஒரு சட்டம் செய்யப்போகிறார்கள் என்றால், அங்கே போய் வாயைத் திறப்பதற்கு முன் இங்கே வந்து, "நான் இப்படிச் சொல்லப்போகிறேன், சம்மதமா?" என்று இந்த இருபத்தைந்து பேரிடம் கேட்டாக வேண்டும். கேட்டுவிட்டு, அங்கே போய் வேறொன்றைச் சொல்லிவிட்டு வந்த அமைச்சர் ஒருவர் உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை அதே நாற்காலியில் அவர் பட்ட பாட்டை இன்றைக்கும் சிற்றுண்டிச் சாலையில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இந்தப் பெரிய குழுவுக்குச் செயலர் இர்மெலி. வயது ஐம்பத்தாறு, இந்த நாற்காலியில் பத்தொன்பது வருஷம். உறுப்பினர்கள் மணிக்கணக்காகப் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் குழு என்ன சொன்னது என்று எழுதுவது அவள் வேலை. அந்த எழுத்துத்தான் அமைச்சரின் பையில் விமானம் ஏறும். மற்ற குழுக்களின் செயலர்கள் இதற்கு அரைப் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். இர்மெலி நாலு சொல்லில் முடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

அந்த அக்டோபர் வெள்ளிக்கிழமை வந்தது ஒரு வண்டு விவகாரம். தெற்கே எங்கோ ஊசியிலை மரங்களை ஒரு வண்டு அரித்துத் தள்ளுகிறதாம். அது பரவாமல் இருக்க, ஒன்பது வகை மரங்களின் கன்றையோ கிளையையோ வெட்டி இருபது கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோக வேண்டுமானால் ஆய்வாளரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஒரு சட்ட வரைவு. சட்டத்தின் வாலில் ஒரு பின்னிணைப்பு. அதில் அந்த ஒன்பது மரங்களும் வரிசை எண் போட்டு நிற்கின்றன.

வண்டு கெட்டதுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்த வரிசையில் கூசி இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குள் நிறுத்துவார்களே, அந்த மரம். அந்த மக்களுக்கு அது பண்டிகை மரம் மட்டுமல்ல. வடக்கே கைனூ பக்கம் ஒரு சாவு விழுந்தால் வாசலில் இரண்டு பக்கமும் இளங்கூசியை வெட்டி நட்டு வைப்பார்கள். கைனூவிலிருந்து வந்த உறுப்பினர் உர்ப்போ. அரசியலுக்கு வருமுன் இருபது வருஷம் காட்டில் மரம் அறுக்கும் வண்டி ஓட்டியவர். அவர் எழுந்து மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"எங்க ஊருக்குப் பக்கத்து ஆய்வாளர் நூத்தி நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கார், தலைவரே. செத்தவன் வாசல்ல நடறதுக்கு அவர்கிட்டப் போய் முத்திரை வாங்கிட்டு வரதுக்குள்ள, செத்தவனே எந்திரிச்சுப் போய் வெட்டிட்டு வந்துருவான்."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இருபது நிமிஷம் கூசியைப் பற்றி மட்டுமே பேசினார். இர்மெலியின் காதில் அந்தச் சொல் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. இதைக் கவனியுங்கள், தப்பு இங்கேயே தொடங்கிவிட்டது.

அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர் தவுனோ. ஹெல்சிங்கிக்குக் கொஞ்சம் வடக்கே, லாஹ்தி பக்கத்துச் சுஸ்மா ஊர்க்காரர், பழைய ஃபின்னிஷ் வாத்தியார், வேறு கட்சி. அவருடைய கவலை வேறு மரம். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு சாஹ்தி என்று ஒரு பீர் காய்ச்சுவார்கள். கதயா என்ற முள்செடியின் கிளைகளைத் தொட்டியில் பரப்பி அதன் வழியாக வடிகட்டினால்தான் அது சாஹ்தி, இல்லாவிட்டால் வெறும் மாவுத் தண்ணீர். கதயாவும் அந்த ஒன்பதில் இருந்தது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர் மன்றத்தில் சாஹ்தி காய்ச்சுபவர்கள் கூடுகிறார்கள், அவர்களுக்கு நல்ல செய்தி கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவரும் இருபது நிமிஷம் பேசினார்.

இந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு கூட்டத்தில் உர்ப்போ ஊர்ப் பேச்சில் ஏதோ சொல்ல, தவுனோ வகுப்பில் திருத்துகிற மாதிரி வினைமுற்றைத் திருத்திவிட்டார். அவ்வளவுதான். அந்த நாட்டில் அமைச்சரை வாயிற்காவலர்கூட நீ என்றுதான் கூப்பிடுவார், மரியாதைக் குறைவு என்று யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு மனிதனின் ஊர்ப் பேச்சில் கை வைப்பது வேறு விஷயம். அன்றிலிருந்து உர்ப்போவுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால், "தலைவரே, எதிர்ல உக்காந்திருக்கிறவரைக் கேளுங்க" என்பார். இருவருக்கும் ஒரே வடக்கு ரயில்; ஒருவர் எந்தப் பெட்டியில் ஏறுகிறாரோ அடுத்தவர் அதற்கு எதிர்க்கோடியில் ஏறுவார். அறையிலிருந்த எல்லோருக்கும் இது பழகிவிட்டது. இர்மெலிக்கு மட்டும் பழகவே இல்லை. இரண்டு பேரையும் அவளுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நல்ல மனுஷர்கள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது.

அமைச்சர் பளிச்சென்று சொல்லிவிட்டார்: "ஒண்ணுதான் என்னால வெளிய எடுக்க முடியும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விலக்குதான்னு பேசி வெச்சிருக்காங்க. எதுன்னு நீங்க சொல்லுங்க, அதுக்காக நான் மல்லுக்கட்டறேன்." சொல்லிவிட்டு வேறு வேலையாக எழுந்து போய்விட்டார். குறிப்பெடுக்க ஓர் அதிகாரியை விட்டுவிட்டுப் போனார்.

தலைவர் தூலிக்கி பத்து நிமிஷம் இடைவேளை விட்டார். எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்ததும், யாரும் எதிர்பாராமல் தவுனோ எழுந்தார். கையில் பின்னிணைப்புத் தாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பேசிக்கிட்டே இருந்தா ஆகாது. என் யோசனை இதுதான். கூசி நீங்கலாக மத்தது சம்மதம்."

உர்ப்போ அவரையே பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேஜையை முழுசாகச் சுற்றிக்கொண்டு வந்து, தவுனோவுக்கு முன்னால் நின்று கையை நீட்டினார். தவுனோ ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பற்றிக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. தூலிக்கி மூக்கை உறிஞ்சினார். "மறுப்பு உண்டா?" என்று கேட்டார். அந்தக் குழுவில் கை தூக்கி ஓட்டுப் போடுவது அபூர்வம். தலைவர் கேட்கும்போது பேசாமலிருந்தால் ஒத்துக்கொண்டதாகப் பொருள். எல்லோரும் பேசாமலிருந்தார்கள். சுத்தியல் விழுந்தது. இர்மெலி கண் கலங்க நாலு சொல் எழுதினாள்: கூசி நீங்கலாக மற்றவை சம்மதம்.

அப்புறம் காப்பி வந்தது. ஏலக்காய் ரொட்டியை உர்ப்போ பிய்த்துப் பாதியைத் தவுனோவின் தட்டில் வைத்ததை இர்மெலி தன் கண்ணால் பார்த்தாள். ரயிலுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே படியிறங்கிப் போனார்கள். ஜன்னல் வழியாக அவர்கள் தெருவைக் கடக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று இருபத்தைந்துக்குத் தொலைபேசி அடித்தது. கீழ்த்தளத்திலிருந்து பொர்யே. நாடாளுமன்றத்தின் எல்லா ஆவணமும் ஃபின்னிஷிலும் ஸ்வீடிஷிலும் போக வேண்டும். அவளுடைய நாலு சொல்லையும் ஸ்வீடிஷில் எழுதுகிறவர் அவர்தான்.

"இர்மெலி, ஒரு சின்ன சந்தேகம்."

"வெள்ளிக்கிழமை உனக்குச் சந்தேகம் வரலேன்னா எனக்கு வாரமே முடிஞ்ச மாதிரி இருக்காது. கேளு."

"கூசின்னு எழுதியிருக்கியே, அது மரமா, எண்ணா?"

இங்கே ஒரு நிமிஷம் நின்று சொல்லிவிட வேண்டும். நமக்கு ஆறு என்று ஒரு சொல் இருக்கிறதே, தண்ணீர் ஓடினாலும் ஆறு, ஐந்துக்கு அடுத்து வந்தாலும் ஆறு, அதே கதைதான் அவர்களுக்குக் கூசி. மரமும் கூசி, ஆறு என்ற எண்ணும் கூசி. நாம் உருபு சேர்த்தால் 'ஆற்றில்' என்றும் 'ஆறில்' என்றும் இரண்டும் பிரிந்துவிடுவது போல அவர்களுக்கும் பிரிந்துவிடும்: மரத்தினுடைய என்றால் கூசென், எண்ணினுடைய என்றால் கூதென். உருபில்லாமல் மொட்டையாக நின்றால்தான் வம்பு. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வம்பு கண்ணிலேயே படாது, நமக்கு ஆறு படாத மாதிரி. வேறு மொழிக்கு மாற்றுகிறவன்தான் முட்டிக்கொள்வான்.

"மரம்தான்," என்றாள் இர்மெலி. "இருபது நிமிஷம் உர்ப்போ வேற எதைப் பத்திப் பேசினான்? போட்டுத் தொலை."

"போட்டிருப்பேன். ஆனா அமைச்சகத்துலேருந்து அவங்க எடுத்த குறிப்போட நகல் வந்திருக்கு. அதுல எழுத்தா இல்ல, எண்ணா இருக்கு. 'ஆறாம் இனம் நீக்கம்'னு. உன் கையில பின்னிணைப்பு இருக்கா? ஆறாவது என்னன்னு பாரேன்."

இருந்தது. பார்த்தாள். நாலாவது கூசி. ஆறாவது கதயா.

"இர்மெலி? இருக்கியா?"

"இருக்கேன். நாலரைக்குத்தானே அமைச்சகத்துக்குப் போகணும், அதுக்குள்ள சொல்றேன். எதையும் எழுதாதே."

குறிப்பெடுத்த அந்த அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அவர் தாளைப் பார்த்துக்கிட்டே சொன்னாரே. அவர் சாஹ்திக்காரங்க ஆளு, கதயாவைத்தானே கேப்பார்? எனக்குச் சந்தேகமே வரல," என்றார். சொல்லச் சொல்ல இர்மெலிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தவுனோ மரத்தைச் சொல்லவே இல்லை. வரிசை எண்ணைச் சொன்னார். தாளை ஏறெடுத்தும் பார்க்காத, மரத்தை மரமாகவே அறிந்த உர்ப்போ, எதிரி தன் கதயாவை விட்டுவிட்டுத் தன் மரத்துக்காகப் பேசினான் என்று நினைத்து உருகிப்போய்க் கை கொடுத்தார். தவுனோவோ, இவன் மறுக்காமல் விட்டுக்கொடுத்துவிட்டுக் கையும் கொடுக்கிறானே என்று வாயடைத்துப்போனார். ஆளுக்கொரு வெற்றியோடு ஒரே ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார்கள். நடுவில் இவள், பத்தொன்பது வருஷத்து அனுபவசாலி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இரட்டைச் சொல்லை அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். 'மரம்' என்று இன்னொரு சொல் சேர்த்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தூலிக்கி காரில் போய்க்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டினார்.

"குழுவைத் திரும்பக் கூட்ட முடியுமா?" என்று கேட்டாள் இர்மெலி.

"எப்போ, நாளைக்கா? நாளைக்கு எல்க் மான் வேட்டை ஆரம்பம். பாதி குழு துப்பாக்கியோட காட்டுல நிக்கும். பதினேழு பேர் வேணும். எங்க போய்ப் பிடிப்பே? மரத்துக்கு மரம் ஏறியா?"

"அப்ப என்ன பண்ணறது?"

தூலிக்கி யோசித்தார். "முன்மொழிஞ்சது தவுனோ. கை குடுத்து ஒத்துக்கிட்டது உர்ப்போ. மத்த எல்லாரும் அவங்க ரெண்டு பேரைப் பார்த்துத்தான் பேசாம இருந்தாங்க. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னா, அதுதான் குழு சொன்னதுன்னு குறிப்பைத் தெளிவுபடுத்தலாம். நான் கையெழுத்துப் போடறேன். ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்கன்னா குழு முடிவே எடுக்கலைன்னு ஆயிடும். அமைச்சர் ஒன்பதுக்கும் தலையாட்டிட்டு வந்துருவார். ரெண்டு மரமும் போச்சு."

"ரெண்டு பேருக்கும் விஷயத்தைச் சொல்லியாகணுமா?"

"சொல்லாம எப்படிம்மா கேப்பே?"

அதுதானே. இர்மெலி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனசுக்குள் ஒரு திருட்டு யோசனையும் ஓடியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஏதாவது ஒன்றை எழுதி அனுப்பிவிட்டால் இன்றைக்கு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஊர் போய்ச் சேருவார்கள். திங்கட்கிழமை வானொலியைக் கேட்டு ஒருவருக்கு உண்மை தெரியவரும், மற்றவன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று நினைப்பார், அதற்கப்புறம் பதினோரு வருஷம் இல்லை, ஆயுசுக்கும் பேச்சில்லை. இப்போது சொன்னால், அந்தக் கைகுலுக்கல் வெறும் காது கேட்ட கோளாறு என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோகும். நிறைய விரோதத்தை அவள் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு நட்பைத் தன் வாயால் உடைக்க வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. மணி மூன்று ஐம்பது. நாலு பதினைந்துக்கு ரயில் லாஹ்தியில் நிற்கும், தவுனோ இறங்கிவிடுவார். கூப்பிட்டாள்.

"இர்மெலி," என்றார் உர்ப்போ உற்சாகமாக. பின்னால் கரண்டிச் சத்தம். "சாப்பாட்டுப் பெட்டியில இருக்கோம். தவுனோ மீன் சூப் வாங்கிக் குடுத்தான். சதகுப்பைக் கீரை போட்டா நல்லாயிருக்கும்னு அவனுக்கும் தெரியுது, நான் அவனை ஒண்ணும் தெரியாத ஆளுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"உர்ப்போ, ஸ்பீக்கரைப் போடு. ரெண்டு பேரும் கேக்கணும்."

சொன்னாள். சுற்றி வளைக்காமல், யாரையும் குற்றம் சொல்லாமல், தப்பு என் எழுத்தில் என்று தொடங்கி, மரம், எண், நாலாவது, ஆறாவது, அமைச்சகத்துக் குறிப்பு, தூலிக்கி சொன்ன நிபந்தனை எல்லாவற்றையும் சொன்னாள். முடித்தபோது தண்டவாளச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த மக்கள் பேசாமல் இருந்தால் நன்றாகவே பேசாமல் இருப்பார்கள். ரயில் ஏதோ ஒரு பாலத்தைக் கடந்து முடித்தது.

"அப்ப நீ மரத்தைச் சொல்லல," என்றார் உர்ப்போ.

"ஆறாவதைச் சொன்னேன்," என்றார் தவுனோ.

"நான் எந்திரிச்சு வந்து கை குடுத்தேனே, அப்ப என்னான்னு நினைச்சே?"

"தோத்துட்டும் வந்து கை குடுக்கறான்னு நினைச்சேன். நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன், இவன் என்னைவிடப் பெரிய மனுஷன்னு நினைச்சேன்."

"நான் அதையேதான் உன்னைப் பத்தி நினைச்சேன். ஸ்டேஷன்லேருந்து பொண்டாட்டிக்கு வேற போன் பண்ணினேன்."

"என்னான்னு?"

"தவுனோவைப் பத்தி இத்தனை வருஷமா நான் உன்கிட்டச் சொன்னது எல்லாம் தப்புன்னு."

இர்மெலி போனைக் காதிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். ஆனாலும் மணி நாலு.

"எனக்கு ஒரே வார்த்தை வேணும். ரெண்டு பேரும் ஒரே வார்த்தை," என்றாள்.

"எழுதிக்க," என்றார் உர்ப்போ. "எண்ணுதான். அவன் வாயிலேருந்து வந்தது, அவன் நினைச்சதுதான் அர்த்தம். நான் தாளைப் பாக்காதது என் தப்பு. கதயா."

"அதெல்லாம் இல்ல," என்றார் தவுனோ. "மரம்னு எழுது."

"ஏன், பிச்சை போடறியா?"

"உனக்கு யாருய்யா பிச்சை போட்டா? முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு இதே சொல்லை வெச்சு உருபு சொல்லிக் குடுத்தவன் நான். மொட்டையா விட்டா ரெண்டு அர்த்தம்னு எனக்குத் தெரியாமப் போச்சே. தப்பு என்னுது."

"தாளைப் பாக்காதது நான்."

"புரியற மாதிரிப் பேசாதது நான்."

"கதயான்னு எழுது இர்மெலி."

"எழுதாதே இர்மெலி. மரம்."

இர்மெலிக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷம் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நின்றவர்கள், இன்றைக்கு விட்டுக்கொடுப்பதற்கும் அதே மாதிரி மல்லுக்கு நிற்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி ஒரே சொல்லில் இரண்டு அர்த்தம். இப்போது இரண்டு சொல். நாடாளுமன்றத்துக்கு மட்டும் எந்தப் பக்கமும் முடிவில்லை.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்று ஒரு அதட்டுப் போட்டாள். அந்த நாடாளுமன்றத்தில் செயலர்கள் உறுப்பினர்களை அப்படி அதட்டுவது வழக்கமில்லை. அவளுக்கு அந்த நேரம் அது நினைவில் இல்லை. "ஆளுக்கு ஒண்ணு சொன்னா ரெண்டும் போயிடும்னு சொன்னேனே, காதுல விழலையா? ஊர்ல பாதிச் சாவுக்கு மரம் இல்ல, பாதிக் கல்யாணத்துக்குப் பீர் இல்ல. நீங்க ரெண்டு பேரும் நல்லவங்களா இருக்கறதுக்காக? பத்து நிமிஷம்தான் இருக்கு."

பக்கத்து மேஜையில் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சூப்பைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

பிறகு தவுனோ பேசினார். வகுப்புக் குரல் இல்லை அது.

"உர்ப்போ, நீ மேஜையைச் சுத்திக்கிட்டு வந்து கை குடுத்தே. நான் செய்யாத ஒரு காரியத்துக்காகக் குடுத்தே. நான் அதை வாங்கிக்கிட்டேன். இப்ப திருப்பிக் குடுக்க எனக்கு மனசு வரல. அந்தக் காரியத்தையே செஞ்சிடறேனே. அப்ப அது என்னுதாயிடும் இல்ல?"

உர்ப்போ கரண்டியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

இர்மெலி காத்திருந்தாள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்; பத்தொன்பது வருஷமாகப் பார்த்திருக்கிறாள். "தவுனோவோட யோசனை மேல மறுப்பு உண்டா?" என்று கேட்டாள்.

ஐந்து எண்ணினாள். பத்து எண்ணினாள். உர்ப்போ மூச்சு விடுவது கேட்டது, பேச்சு வரவில்லை.

"அப்ப மரம். உருபு போட்டு எழுதறேன், மொட்டையா விடமாட்டேன். தவுனோ, சொல்லு."

"கூசென்," என்றார் தவுனோ. ரயில் ஏதோ வெட்டுக்குள் நுழைந்து, குரல் கரகரத்தது.

"கூதென்னா சொன்னே?"

"கூசென். ச. ச. மரத்தினுடைய. ஐயோ, உர்ப்போவோட காட்டுல நிக்குதே, அந்த மரத்தினுடைய. போதுமா?"

சாப்பாட்டுப் பெட்டியில் யாரோ கைதட்டினார்கள். லாஹ்தி வருகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. அழைப்பு அறுந்துவிட்டது.

இர்மெலி தூலிக்கியிடம் சொல்லி, குறிப்பைத் திருத்தி, கையெழுத்து வந்ததும் பொர்யேவைக் கூப்பிட்டு மரம் என்றாள். "அப்பவே சொன்னே," என்றார் அவர். "அப்ப சொன்னது வேற மரம்," என்றாள் இவள். அவருக்குப் புரியவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. நாலு இருபத்தெட்டுக்கு இரண்டு மொழியிலும் அமைச்சகத்துக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை அமைச்சர் அதற்காக மல்லுக்கட்டுவார். அது அவர் பாடு.

மேஜையை ஒழித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குத் தவுனோவின் நினைப்பு வந்தது. இந்நேரம் லாஹ்தியில் இறங்கிக் காரை எடுத்திருப்பார். ஆறு மணிக்கு ஊர் மன்றத்தில் சாஹ்திக்காரர்கள் தொட்டியும் கையுமாகக் காத்திருப்பார்கள். நல்ல செய்தி கொண்டுவருகிறேன் என்று சொன்ன மனுஷன் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும். வடக்கத்திக்காரன் ஒருவன் கை கொடுத்தான், அதனால் உங்கள் கதயாவை விட்டுவிட்டேன் என்றா சொல்லுவார்? தேர்தல் வேறு ஏப்ரலில். உர்ப்போவைக் கூப்பிட்டாள். அவராவது தவுனோவுக்கு நன்றி என்று ஒரு சொல் சொன்னாரா என்று தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக முடியாது போலிருந்தது.

"சொன்னியா, இல்லையா?" என்று கேட்டாள் எடுத்ததுமே.

"என்னத்தை?"

"நன்றி."

"நேரம் எங்க இருந்துச்சு? வண்டி நின்னுடுச்சு." காற்றின் இரைச்சலில் அவர் குரல் ஏறி இறங்கியது. ரயில் சத்தம் இல்லை.

"உர்ப்போ, எங்க இருக்கே நீ?"

"லாஹ்தி. ஸ்டேஷன் வாசல்ல. அவன் காரை எடுக்கப் போயிருக்கான்."

"நீ கைனூ போகணுமே. இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கே உனக்கு. நாளைக்குக் காலைல வேட்டைக்கு நீதானே ஆட்களை நிறுத்தணும்?"

"வேற யாராவது நிறுத்துவாங்க. சுஸ்மாவுக்குப் போறேன், அவன் கூட."

"அங்க போய் நீ என்ன பேசப்போறே? உன் பேச்சு அவங்களுக்குப் பாதி புரியாது. புரிஞ்சா அடிக்க வருவாங்க."

"பேச மாட்டேன்," என்றார் உர்ப்போ. "யாருக்காகடா எங்க செடியை விட்டுட்டு வந்தேன்னு அவனைக் கேப்பாங்க இல்ல? பக்கத்துல நிப்பேன். பார்த்துக்கட்டும்."